வெறும் சுளுக்கு

அத்தியாயம் பதினொன்று

பிரிஜெட்டுக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரங்கள் பேசும். அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததிலிருந்து பெங்களூர் விவேக் நகரின் அந்த மாடி வீட்டில் சத்தம் ஓயவே இல்லை.

போன வாரம் மெயின் ரோட்டில் முளைத்த பேனர்கள்தான் காரணம். தர்ஷினி இந்திய ஜூனியர் பெண்கள் கால்பந்து முகாமுக்குத் தேர்வாகியிருந்தாள். சந்தோஷமான செய்திதான். ஆனால் பேனரில் அவள் ரகுராம் நடத்துகிற கால்பந்து அகாடமியின் சட்டையைப் போட்டுக்கொண்டு சிரித்தாள். 'எங்கள் பயிற்சி, எங்கள் பெருமை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்த அகாடமியில் அவள் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூட முழுசாக முடியவில்லை.

அதற்கு முன்னால் எங்கே இருந்தாள்? கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண் மைதானத்தில், பிரிஜெட்டின் கணவர் ஓஸ்வால்டிடம். தர்ஷினியின் அம்மா அன்னம்மாள் இந்தப் பக்கத்துத் தெருக்களைக் கூட்டுகிற மாநகராட்சித் தொழிலாளி. ஸ்ரீராம்புரத்திலிருந்து விடிவதற்கு முன்பே மகளையும் இழுத்துக்கொண்டு வருவாள். வேலை முடிகிற வரைக்கும் குழந்தை மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தக் குழந்தையை எழுப்பி, காலடியில் ஒரு பந்தை உருட்டிவிட்டவர் ஓஸ்வால்ட்.

பிரிஜெட்டால் ஜீரணிக்கவே முடியாத விஷயம் இன்னொன்று உண்டு. தர்ஷினியை அகாடமிக்குக் கூட்டிப்போனவன் பிரிஜெட் பெற்ற மகன் க்ளென். அங்கே உதவிக் கோச்சாக வேலைக்குச் சேர்ந்த கையோடு அப்பாவின் நல்ல ஆட்டக்காரியையும் சேர்த்துக்கொண்டு போனான்.

"அகாடமிக்காரங்க பண்ற அந்தப் பாராட்டு விழாவுக்கு நாம போயே ஆகணுமா?" பிரிஜெட் குக்கர் மூடியைத் தொட்டியில் எறிந்தாள்.

ஓஸ்வால்ட் அவளுடைய பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "குழந்தைக்கு மாலை போடறாங்க பிரிஜி. நாம போகலைன்னா அதுக்கு மனசு கஷ்டமாயிடும்."

"நம்ம மனசு?"

"நமக்கு வயசாயிடுச்சு. தாங்கும்."

இதுதான். இந்தப் பதில்தான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பும். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியபோது, வேலை போன ஆண்களின் பிள்ளைகளையெல்லாம் சேர்த்து ஒரு டீம் கட்டினவர் இவர். பெங்களூர் வந்து ஒரு சின்ன பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராகச் சேர்ந்தபோதும் விடியற்காலை மைதானத்தை விடவில்லை. கோவாவிலிருந்து ஒரு பெரிய கிளப் கூப்பிட்டது. க்ளென் பத்தாவது படிக்கிறான் என்று போகவில்லை. அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது சமைத்து, துவைத்து, அவளுக்குத் தலைவாரிக்கூட விட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷனைப் பெத்த பிள்ளையே ஓரங்கட்டுகிறான். இவரோ புடவை மடிப்பு கலையாமல் பார்த்துக்கொள்கிறார்!

"ஒரு தடவையாவது கோபப்படுங்களேன்" என்றாள்.

"யார் மேல?" என்று கேட்டார் ஓஸ்வால்ட். நிஜமாகவே கேட்டார்.

* * *

மல்லேஸ்வரத்து மண்டபத்தின் முன்வரிசையில் வெள்ளை உறை போட்ட சோபாக்கள். ஓஸ்வால்ட் அந்தப் பக்கம் நடக்கவே இல்லை. ஆனால் பிரிஜெட் நடந்தாள். அகாடமி பிளேசரில் இருந்த க்ளென் ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"மம்மி, இது விஐபிங்களுக்கு. நீங்க பின்னாடி உக்காருங்க. அப்புறமா டாடியை மேடைக்குக் கூப்பிடறாங்க, நான் சொல்லி வெச்சிருக்கேன்."

"நீ சொல்லி வெச்சியா? உங்கப்பாவைக் கூப்பிட நீ சிபாரிசு பண்ணணுமா?"

"மம்மி, ப்ளீஸ். இங்க வேணாம்."

ஓஸ்வால்ட் அவள் முழங்கையைத் தொட்டார். பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

ரகுராம் பேசினார். மென்பொருள் கம்பெனியை விட்டு விளையாட்டுக்கு வந்தவர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். "தர்ஷினி எங்ககிட்ட வந்தப்போ அவளுக்கு டெக்னிக்கே கிடையாது. வெறும் வேகம் மட்டும்தான்" என்றார். கூட்டம் கைதட்டியது.

தர்ஷினி பேசினாள். மனப்பாடம் பண்ணிய பேச்சு என்பது அவள் மூச்சு விடுகிற இடத்திலேயே தெரிந்தது. ரகுராம் சாருக்கு நன்றி. அகாடமிக்கு நன்றி. க்ளென் அண்ணாவுக்கு நன்றி. கடைசிவரை பின்வரிசைப் பக்கம் அவள் கண் வரவே இல்லை.

ஓஸ்வால்ட் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார்.

அப்புறம் தொகுப்பாளினி கன்னடத்தில் சிலரைக் கூப்பிட ஆரம்பித்தாள். வேன் டிரைவர், செக்யூரிட்டி, புல் வெட்டுகிறவர். ஒவ்வொருவருக்கும் ஒரு சால்வை. நான்காவதாக, "நம்ம ஹிரிய சகாயகரு, ஓஸ்வால்ட் அவரு!" என்றாள்.

மூத்த உதவியாளர்.

"சின்ன வயசுல தர்ஷினிக்குப் பந்து எடுத்துக் கொடுத்து, தண்ணி கொடுத்து பார்த்துக்கொண்டவர்" என்று அதையே தமிழிலும் சொன்னாள்.

பிரிஜெட் எழுந்து கத்தப்போனாள். அதற்குள் ஓஸ்வால்ட் மேடை ஏறி, சால்வையை வாங்கி, கும்பிட்டு, இறங்கியும் வந்துவிட்டார்.

"நீங்க தண்ணி குடுத்தவரா?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"தண்ணியும் குடுத்தேனே" என்றார் அவர். ஆனால் சால்வையை மடிக்கும்போது அவர் விரல்கள் ஒரே மடிப்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்தன.

* * *

சாப்பாடு கீழ்த்தளத்தில். பிரிஜெட் தட்டை எடுக்கவில்லை. அவள் கண் அன்னம்மாளைத் தேடியது. இவ்வளவு நேரம் அடக்கிய கோபத்தை யார் தலையிலாவது கொட்டியாக வேண்டும்.

அன்னம்மாள் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், புதுப் புடவையின் மொடமொடப்போடு ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா இருக்குது அன்னம்மா! ரொம்ப நல்லா இருக்குது! உன் பொண்ணுக்கு எங்க வீட்டுக்காரர் பேரு ஞாபகம் இல்லாமப் போச்சா? ஜுரம் வந்தா என் வீட்டுலதானே கஞ்சி குடிச்சுது?"

அன்னம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. "திட்டுங்கக்கா. செருப்பாலகூட அடிங்க. மாஸ்டர் பேரைச் சொல்லக் கூடாதுன்னுதான் எழுதிக் குடுத்தாங்க. அது நேத்தெல்லாம் அழுதுச்சு."

"எழுதிக் குடுத்தா? அதுக்கு வாய் இல்லையா?"

"வாய் இருக்குதுக்கா. கால்தான் இல்ல."

பிரிஜெட்டுக்குப் புரியவில்லை.

அன்னம்மாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "வலது முட்டி வீங்கிக் கிடக்குது. விளையாடறப்ப திரும்பிச்சு, டப்புனு சத்தம் கேட்டுச்சாம். க்ளென் தம்பிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போச்சு. படமெல்லாம் எடுத்தாங்க. வெறும் சுளுக்குதான்மா, பயப்படாதீங்கன்னு தம்பி சொல்லிச்சு. செலக்‌ஷன் அன்னிக்கு முட்டியில ஊசி போட்டாங்க. ஊசி போட்டா ஓடுதுக்கா. ஊசி இறங்கிட்டா கக்கூசுக்குக்கூட நான்தான் தூக்கினு போறேன். சுளுக்கு இம்மாம் நாள் இருக்குமா?"

"இதை ஏன் மாஸ்டர்கிட்ட சொல்லல?"

"சொன்னா முகாம் கேன்சல்னாங்க. பொண்ணும் என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினுச்சு. நான் என்ன பண்ணுவேன்? படிச்சவங்க சொல்றாங்க, நம்ம தம்பியும் சொல்லுது."

நம்ம தம்பி.

இவ்வளவு நேரம் அவளுடைய கோபம் சுலபமாக இருந்தது. ரகுராம் மேல், பேனர் மேல், மைக்கில் பேசிய பெண் மேல் என்று எல்லாம் வெளியில் இருந்தவர்கள் மேல். இப்போது அது வீட்டுக்குள் வந்துவிட்டது. ஓஸ்வால்டிடம் சொன்னால் க்ளெனின் வேலை போகும். அப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் மிச்சம் இருப்பதும் போகும். சொல்லாமல் இருந்தால்?

கூட்டத்துக்கு நடுவில் தர்ஷினி செல்ஃபிக்கு நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை மேஜையைப் பிடித்திருந்தது. சிரிப்பு மாறவில்லை. நெற்றியில் மட்டும் வேர்வை.

பிரிஜெட் நேராகத் தன் கணவரிடம் போனாள். ஒன்று விடாமல் சொன்னாள். க்ளென் பேரையும் மறைக்கவில்லை.

ஓஸ்வால்ட் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தர்ஷி, உக்காரு."

மைதானத்தில் கேட்டுப் பழகிய குரல். அவள் பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஓஸ்வால்ட் அவள் முன்னால் தரையில் முட்டி போட்டு, பேன்ட்டின் மேலேயே அவள் முழங்காலில் கை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு துள்ளினாள். சுற்றி நின்றவர்களின் போன்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின.

ரகுராம் சிரித்த முகத்தோடு வேகமாக வந்தார். "மிஸ்டர் ஓஸ்வால்ட், என்ன இது? பத்திரிகைக்காரங்க இருக்காங்க."

"இந்தக் காலுக்கு என்ன ஊசி போட்டீங்க?"

"அதுக்கெல்லாம் எங்ககிட்ட டாக்டர்ஸ் இருக்காங்க. நீங்க கவலைப்பட வேணாம்."

"டாக்டர் என்ன சொன்னாருன்னுதான் கேக்கறேன். ஓடலாம்னு சொன்னாரா?"

பதில் சொன்னது தர்ஷினி.

"விடுங்க மாஸ்டர்!" அவர் கையைத் தட்டிவிட்டாள். "எல்லாரும் பாக்கறாங்க. எங்கம்மா ரோடு கூட்டுது. எனக்குக் கெடைச்சிருக்கிறது இது ஒண்ணுதான். உங்க பேரைச் சொல்லலைன்னு இதையும் கெடுக்காதீங்க!"

அவள் எழுந்து, நொண்டுவது தெரியாமல் இருக்க ரகுராமின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள்.

ஓஸ்வால்ட் தரையிலேயே இருந்தார். அவரை எழுப்பிவிட பிரிஜெட்தான் கை கொடுத்தாள். க்ளென் தூரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனைப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தான்.

* * *

மத்தியானம் க்ளென் கதவை உதைத்துக்கொண்டு வந்தான்.

"என் மானத்தை வாங்கிட்டீங்க டாடி! வீடியோ எல்லா குரூப்லயும் சுத்துது. ரகுராம் சார் என் மூஞ்சியப் பாத்துக்கூடப் பேசல."

ஓஸ்வால்ட் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "டாக்டர் என்ன சொன்னாரு க்ளென்?"

"சுளுக்கு."

"க்ளென்" என்றாள் பிரிஜெட். "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் அவனால் முடியவில்லை.

"லிகமென்ட் பாதி கிழிஞ்சிருக்கு" என்றான். "ஆறு மாசம் ஓடக் கூடாதுன்னாரு. ஓடினா முழுசா அறுந்துடும், அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் பழைய மாதிரி ஆட முடியுமான்னு சொல்ல முடியாதுன்னாரு."

"இதைத்தான் சுளுக்குன்னு சொன்னியா?" என்றாள் பிரிஜெட்.

"முகாம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சார் சொன்னாரு. இப்ப ஸ்பான்சர்ஸ் எல்லாம் அவளைப் பாத்துதான் வராங்க. ஒயிட்ஃபீல்டு கிளைக்கு என்னை ஹெட் கோச்சா போடறேன்னாரு. நான் என்ன பண்றது?"

"உண்மையச் சொல்றது" என்றார் ஓஸ்வால்ட்.

"சொல்லி? உங்கள மாதிரி ஆகறதா?" என்றான் க்ளென். "சாவற வரைக்கும் விசில் ஊதிகினு, யாரும் பேரைக்கூடச் சொல்லாம, வேன் டிரைவரோட சேத்து ஒரு சால்வைய வாங்கிகினு வரதா? உங்களை அப்படிப் பாக்கறப்ப எனக்கு எப்படி இருக்கும்னு நினைச்சீங்களா? எனக்கு அந்தப் பொழப்பு வேணாம் டாடி."

பிரிஜெட்டின் கை தானாக ஓங்கியது. ஓஸ்வால்ட் அதைப் பிடித்துக்கொண்டார்.

"டிரைவரோட நின்னதுல எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றார். குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கட்டியாக விழுந்தது. "நான் எத்தனையோ மேட்ச் தோத்திருக்கேன். ஒரு குழந்தையோட காலைப் பணயம் வெச்சு ஒரு மேட்ச் ஜெயிச்சதில்ல. அது உன்னை அண்ணான்னு கூப்பிடுதுடா. நீ சுளுக்குன்னு சொன்னதாலதான் அது ஓடுது. வேற யார் சொல்லியிருந்தாலும் என்கிட்ட வந்து கேட்டிருக்கும்."

க்ளென் முகத்தை மூடிக்கொண்டான்.

"அழுது என்ன ஆகப்போகுது?" என்றாள் பிரிஜெட். அவளுக்கே அழுகை வந்தது, ஆனால் அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. "செருப்பை மாட்டு. எந்த வாயால சுளுக்குன்னு சொன்னியோ, அதே வாயால இப்ப உண்மையச் சொல்லணும். அவ அம்மா முன்னாடி. வா."

* * *

மூன்று பேரும் ஆட்டோவில் போனார்கள். ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் ஆட்டோ போகாது என்பதால் முனையில் இறங்கி நடந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. தர்ஷினியின் பெயர் போட்ட ஒரு பேனர் இரண்டு வீடுகளுக்குக் குறுக்கே கட்டியிருந்தது. சந்துக்காரர்களே காசு போட்டு அடித்தது.

ஒற்றை அறை வீடு. தர்ஷினி சுவரில் சாய்ந்து, வலது காலைத் தலையணை மேல் நீட்டியிருந்தாள். பக்கத்தில் கட்டி முடித்த பயணப் பை. அவர்களைக் கண்டதும் கால் மேல் போர்வையை இழுத்துப் போட்டாள்.

"எதுக்கு வந்தீங்க?"

ஓஸ்வால்ட் வாசலிலேயே நின்றார். பிரிஜெட் மகனை முன்னால் தள்ளினாள்.

க்ளென் சொன்னான். முதலில் தரையைப் பார்த்துச் சொன்னான். பாதியில் நிறுத்தி, நிமிர்ந்து, அன்னம்மாளைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து சொன்னான்.

"நீ சுளுக்குன்னு சொன்னே" என்றாள் தர்ஷினி.

"பொய் சொன்னேன்."

"நான் கேட்டேனே. ரெண்டு தடவை கேட்டேனே அண்ணா."

தர்ஷினி போர்வையைப் பிசைந்தாள். பிறகு சட்டென்று தலையை ஆட்டினாள். "பரவால்ல. நான் போவேன். அறுந்தா அறுந்துட்டுப் போவட்டும். ஒரு தடவையாவது அந்த இந்தியா சட்டையப் போட்டுக்கறேன்."

அப்போது அவள் போன் அடித்தது. ரகுராம். காலை நகர்த்தாமல் எட்டி எடுக்க முயன்றவளின் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"தர்ஷினி, விடியறதுக்கு முன்னாடி கார் வந்துடும். முட்டியில கட்டுப் போட்டுக்காதே, ஏர்போர்ட்ல போட்டோ எடுப்பாங்க. டெல்லியில நம்ம ஆள் ஒருத்தர் இருக்காரு, ஊசிய அவர் பாத்துப்பாரு. அந்தக் கிழவன் வந்தா கதவைத் திறக்காதே. உங்கம்மாகிட்ட எதுவும் சொல்லாதே, அவங்களுக்கு ஒண்ணும் புரியாது."



அன்னம்மாள் குனிந்து மகளின் கையிலிருந்து போனை எடுத்தாள்.

"நான்தான் சார், ஒண்ணும் புரியாதவ" என்றாள். "எனக்கு ஒண்ணு நல்லா புரிஞ்சுபோச்சு. கால் ஒடையும்னு தெரிஞ்சே என் பொண்ணை ஓட வுட்டிருக்க. கார் அனுப்பாத. அனுப்பினா இந்தச் சந்துல இருக்கிற அத்தனை பொம்பளைங்களும் அதுக்கு முன்னால குந்துவோம். நாங்க எல்லாரும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து பழகினவங்கதான்."

ரகுராம் நிதானமாகச் சொன்னார்: "கார் வரும்மா. வரதும் வராததும் தர்ஷினி இஷ்டம். அவளே முடிவு பண்ணட்டும்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

தர்ஷினி அம்மாவைப் பார்க்கவில்லை. க்ளெனையும் பார்க்கவில்லை. வாசலில் நின்ற ஓஸ்வால்டைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் திரண்டு நின்றது.

"இப்ப சந்தோஷமா மாஸ்டர்?" என்றாள்.

ஓஸ்வால்ட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவளுக்கு எதிரில், பயணப் பைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தன் கணவரின் கழுத்து நரம்பு புடைத்து நிற்பதை பிரிஜெட் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றார். "கோபமா இருக்கேன். கார் வர வரைக்கும் இங்கதான் உக்காரப் போறேன்."